சிமெண்ட் ஜாலி வந்த வழி

ஓர் அடிக்கு ஓர் அடி, இரண்டு அங்குலக் கனம். நடுவில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் நாலு இதழ், மூலைக்கு மூலை ஒரு கால்வட்டம். இப்படி நாலைச் சேர்த்து வைத்துக் கட்டினால், மூலையில் இருக்கும் கால்வட்டங்கள் கூடி இன்னொரு முழு வட்டம் ஆகிவிடும். திருக்கழுக்குன்றத்தில் மலையடிவாரத் தெருக்களில் நடந்து போனால் பழைய மாடிவீடுகளின் படிக்கட்டுச் சுவரில் இந்தச் சிமெண்ட் ஜாலியைப் பார்க்கலாம். பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடித்து அடித்துத் துளைகளின் ஓரம் மழுங்கியிருக்கும். ஒன்றிரண்டு துளையில் குருவி வைத்த வைக்கோல் நீட்டிக்கொண்டிருக்கும்.

வேதகிரீசுவரரைப் பார்க்க 565 படி ஏறிப் போகிறவர்கள் நின்று பார்க்கிற பொருள் இல்லை இது. ஒருகல் மண்டபத்துக்குப் போய், 17ஆம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்த டச்சுக்காரர்கள் கல்லில் வெட்டிவிட்டுப் போன பெயர்களைத் தேடிப் படிக்கும் வரலாற்று ஆர்வலர்கள்கூட இதைப் பார்ப்பதில்லை. ஆனால் இந்த ஊரில் அந்த டச்சுக்காரர்களைவிட நீண்ட தூரம் பயணம் செய்து வந்து சேர்ந்தது இந்த ஜாலிதான். இஸ்லாமியக் கலையும் இருபதாம் நூற்றாண்டின் நவீனக் கலையும் ஒன்றையொன்று எப்படித் தொட்டன என்று கேட்பவர்களை நான் அருங்காட்சியகத்துக்கு அனுப்ப மாட்டேன். அந்தப் படிக்கட்டுச் சுவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவேன்.

சுவரில் துளையிட்டு வெளிச்சமும் காற்றும் வாங்குவது எந்த ஒரு மதத்துக்கும் சொந்தமில்லை. பட்டடக்கல்லில் சாளுக்கியர் 8ஆம் நூற்றாண்டில் கட்டிய விரூபாட்சர் கோயிலின் கற்சுவரில் விதவிதமான துளைச் சாளரங்கள் உண்டு. அதே நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிருந்து வெகு தொலைவில், டமாஸ்கஸ் நகரின் பெரிய மசூதியில் உமையா வம்சக் கலீபாக்கள் பளிங்கு ஜன்னல் பின்னல்களை வைத்தார்கள். இஸ்லாமியக் கலையில் வடிவக்கணிதப் பின்னலுக்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் அவையும் சேரும். அங்கே ஒரு புதிய விஷயம் நடந்தது. காம்பஸும் நேர்கோலும் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வட்டத்தை ஆறாக, எட்டாக, பத்தாகப் பிரித்து, புள்ளிகளை இணைத்து, அந்தக் கோடுகளைச் சட்டத்துக்கு வெளியேயும் ஓடவிட்டார்கள். ஜன்னலுக்குள் நாம் காண்பது ஒரு பெரிய பின்னலின் துண்டு. மீதி சுவருக்குப் பின்னாலும் தொடர்கிறது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. புள்ளிக் கோலம் போட்டுப் பழகிய கைக்கு இது உடனே புரியும். ஐந்து புள்ளியில் கற்ற இழையை ஐம்பது புள்ளிக்கும் நீட்டலாம் என்று அந்தக் கைக்குத் தெரியும்.

இந்தியாவுக்கு வந்தபோது இந்தக் கணிதமும் இங்கே ஏற்கெனவே கல்லில் துளையிட்டுக்கொண்டிருந்த கைகளும் சேர்ந்தன. குஜராத் சுல்தான்களின் கட்டடங்களில் வேலை செய்தது கோயில் கட்டிப் பழகிய அதே உள்ளூர்ச் சிற்பி மரபுதான். அகமதாபாத்தில் 1573இல் முடிந்த சிதி சையது மசூதியின் மேல் ஜன்னல்களைப் பாருங்கள். கட்டுவித்தவர் அபிசீனியாவிலிருந்து வந்த வம்சத்தவர். கல்லில் இருப்பது ஒரு மரத்தின் கிளைகளும் அதைச் சுற்றி நிற்கும் பனைகளும். கிளை போன திசையெல்லாம் வெளிச்சம் கசிகிறது. சுமார் 390 ஆண்டுகள் கழித்து அதே நகரில் இந்திய மேலாண்மைக் கழகம் தொடங்கியபோது, தன் சின்னத்துக்கு இந்த ஜன்னலைத்தான் எடுத்துக்கொண்டது. அதன் வளாகத்தைக் கட்டியவர் அமெரிக்க நவீனக் கட்டடக் கலைஞர் லூயி கான். செங்கல்லில் பெரிய பெரிய வட்டத் துளைகள் போட்ட சுவர்கள் அவருடையவை. ஒரே நிறுவனத்தின் கடிதத்தாளிலும் சுவரிலும் பதினாறாம் நூற்றாண்டும் இருபதாம் நூற்றாண்டும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன.

பிறகு ஃபத்தேபூர் சிக்ரி. 1580 வாக்கில் கட்டி முடித்த சலீம் சிஷ்தி தர்காவின் வெள்ளைப் பளிங்கு ஜாலிகள்தான் இந்தக் கலையின் உச்சம் என்று நினைக்கிறேன். தாஜ்மகாலின் உள்ளே கல்லறைகளைச் சுற்றி நிற்கும் தடுப்பைவிட இவை எனக்கு நெருக்கமானவை. காரணம், அது நகை, இவை சுவர். ஒரே பலகைப் பளிங்கில் வரைந்து, துளைக்கருவியால் கண் திறந்து, சிற்றுளியால் ஓரம் சீவி எடுத்தவை. கை ஒருமுறை தவறினால் பலகை முழுதும் வீண். வேலைப்பாட்டைச் சொல்லும்போது பலரும் விட்டுவிடுகிற ஒன்று அந்தக் கல்லின் கனம். ஜாலி வெயிலைத் தடுப்பது கோலத்தால் இல்லை, கனத்தால். துளையின் உயரமும் கல்லின் கனமும் சமமாக இருந்தால், நேர் எதிரே வரும் சூரியன் 45 டிகிரிக்கு மேல் நிற்கும் வரை ஒரு கீற்று வெயில்கூட நேராக உள்ளே விழாது. கல்லின் உள்விளிம்பில் பட்டுச் சிதறிய வெளிச்சம் மட்டும் வரும். கண் கூசாது, தரை சுடாது.

சென்னைக்கு இந்தக் கலை வேறு வேடத்தில் வந்தது. எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் ஹென்றி இர்வின் வடிவமைத்து 1909இல் திறந்த விக்டோரியா நினைவு மண்டபம், இப்போதைய தேசியக் கலைக்கூடம், சத்தியவேட்டு இளஞ்சிவப்பு மணற்கல்லில் ஃபத்தேபூர் சிக்ரியின் வாயிலை நினைவுபடுத்துகிறது. அழகான கட்டடம்; எனக்கும் பிடிக்கும். ஆனாலும் அங்கே முகலாயக் கலை ஒரு பேரரசு இன்னொரு பேரரசிடமிருந்து எடுத்துப் போட்டுக்கொண்ட அங்கவஸ்திரம். அந்த வழியில் போயிருந்தால் ஜாலி அரண்மனை, நீதிமன்றம், அருங்காட்சியகத்தோடு நின்றிருக்கும். திருக்கழுக்குன்றத்துப் படிக்கட்டுக்கு வந்திருக்காது.

வந்தது வேறு வழியில். அதற்கு முதல் வாகனம் காகிதம். ஓவன் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயர் இளவயதில் ஸ்பெயினுக்குப் போய் மூர் முஸ்லிம்கள் கட்டிய அல்ஹம்ப்ரா அரண்மனையை அங்குலம் அங்குலமாக அளந்து வரைந்தார். 1856இல் லண்டனில் ‘அலங்காரத்தின் இலக்கணம்’ என்ற பெரிய நூலை வண்ணக் கல்லச்சில் கொண்டுவந்தார். அரபு, மூர், பாரசீக, இந்தியக் கோலங்கள் அதில் பக்கம் பக்கமாக இருந்தன. சுவரைவிட்டுக் கழன்று வந்த கோலம் இனி எங்கே வேண்டுமானாலும் போகலாம். சுவிட்சர்லாந்தில் ஓவியம் படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞன் அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துப் பிரதி எடுத்தான். பின்னாளில் உலகம் அவனைக் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே என்று அறிந்தது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி ஐரோப்பியக் கண்ணுக்கு முக்கியமானது. 1910இல் மியூனிக்கில் ஏறத்தாழ 3,600 பொருள்களோடு பெரிய இஸ்லாமியக் கலைக் கண்காட்சி நடந்தது. ஓவியர் மத்தீஸ் போய்ப் பார்த்தார். அதே ஆண்டு ஸ்பெயினுக்கும் போனார். பால் கிளே 1914இல் துனீசியா போய் வந்தபின் அவருடைய ஓவியத்தில் நகரங்கள் வண்ணச் சதுரங்களாயின. ஓவியர் எஷர் 1936இல் இரண்டாம் முறையாக அல்ஹம்ப்ரா சென்று ஓடுகளைப் பிரதி எடுத்துவந்து, அந்தப் பின்னல்களுக்குள் பறவைகளையும் பல்லிகளையும் நுழைத்தார். உருவத்தை விட்டுவிட்டுக் கோடு, நிறம், திரும்பத் திரும்ப வரும் லயம் என்று போகத் துணிந்த ஓவியர்களுக்கு, அந்தத் துணிச்சல் ஆயிரம் ஆண்டாக நடைமுறையில் இருந்ததற்கு ஒரு சாட்சி கிடைத்தது. கலை வரலாற்றுப் புத்தகங்கள் இந்தக் கடனை இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்ல வேண்டும்.

இதற்கு நேர் எதிராக அதே காலத்தில் ஒரு குரலும் எழுந்தது. வியன்னாவின் கட்டடக் கலைஞர் அடோல்ஃப் லோஸ், அலங்காரம் என்பதே நாகரிகத்துக்கு எதிரான குற்றம் என்று வாதாடினார். நவீனக் கட்டடக் கலை அந்த வாதத்தைச் சட்டமாக எடுத்துக்கொண்டது. தூணின் இலை, உத்தரத்தின் பூ, வாசலின் யாளி எல்லாவற்றையும் அது வெளியே தள்ளியது. ஆனால் ஜாலியை மட்டும் தள்ள முடியவில்லை. தூணிலிருந்து பூவைச் செதுக்கி எடுத்துவிட்டால் தூண் அப்படியே நிற்கும். ஜாலியிலிருந்து கோலத்தை எடுத்தால் மிஞ்சுவது வெறும் ஓட்டை. அங்கே அழகும் வேலையும் ஒரே கல். நவீனத்தின் வாசலில் சோதனை போட்டவர்களால் இரண்டையும் பிரிக்க முடியவில்லை, உள்ளே விட்டார்கள்.

விட்டார்களே தவிர, சிற்பியை வெளியே நிறுத்திவிட்டார்கள். 1920களின் இறுதியில் பிரேசிலின் ரெசிஃபே நகரில் ஒரு போர்த்துகீசிய வணிகர், ஒரு ஜெர்மானியர், ஒரு பிரேசில் பொறியாளர் மூவரும் சேர்ந்து துளையுள்ள சிமெண்ட் கட்டியை அச்சில் வார்த்து விற்றார்கள். மூவர் பெயரின் முதல் அசைகளைச் சேர்த்து அதற்குக் கோபோகோ என்று பெயர். ஸ்பெயினையும் போர்ச்சுகலையும் ஆண்ட மூர்களின் மரப்பின்னல் ஜன்னல், போர்த்துகீசியர் கப்பலில் பிரேசில் போய், அங்கே சிமெண்டாக மாறியது. ரெசிஃபேயும் நம் கிழக்குக் கடற்கரை மாதிரி புழுக்கமும் உப்புக்காற்றும் உள்ள ஊர். லூசியோ கோஸ்தா போன்ற பிரேசிலின் நவீனக் கட்டடக் கலைஞர்கள் அதை அடுக்குமாடிகளின் முகப்பு முழுக்க வைத்தார்கள். பளிங்கில் பல மாதம் எடுத்த வேலை அச்சில் ஒரு நாளில் முடிந்தது. இந்தப் பயணத்தில் பெரிய திருப்பம் இதுதான். இழப்பும் இதில்தான் இருக்கிறது, ஏழை வீட்டுக்கு ஜாலி கிடைத்த லாபமும் இதில்தான் இருக்கிறது. நான் லாபத்தின் பக்கம்.

சுதந்திர இந்தியாவில் சண்டிகர் எழுந்தபோது, கொர்பூசியே கான்கிரீட்டில் வெயில்மறைப்புச் சட்டங்கள் கட்டினார். அவரோடு வேலை செய்த பியர் ஜான்னரே, ஜேன் ட்ரூ, மேக்ஸ்வெல் ஃப்ரை மூவரும் அரசு ஊழியர் குடியிருப்புகளுக்குச் செங்கல் ஜாலி வைத்தார்கள். டெல்லியில் 1959இல் திறந்த அமெரிக்கத் தூதரகம் இன்னொரு படி. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் எட்வர்ட் டூரல் ஸ்டோன் அதன் கண்ணாடிச் சுவருக்கு வெளியே பளிங்குத்தூள் கலந்த கான்கிரீட் கட்டிகளால் ஒரு முழு ஜாலிச் சுவரை எழுப்பினார். நடுவில் தண்ணீர்த் தோட்டம். அதன்பின் ஜாலி உலகப் பாணி ஆயிற்று. நியூயார்க்கில் தன் சொந்த வீட்டுக்கும் ஸ்டோன் அதையே வைத்துக்கொண்டார். பாகிஸ்தான் தன் அணு ஆராய்ச்சி நிலையத்தை நிலோரில் கட்ட அவரையே அழைத்தது. முகலாயத் தோட்டமும் குவிமாடமும் நினைவுக்கு வரும் வளாகம் அது. குவிமாடத்துக்குள் அணு உலை. பக்கத்தில் கல்பாக்கம் அணுமின் நிலையத்தை வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு இந்தச் செய்தி சட்டென்று மனதில் தைக்கும். ஃபத்தேபூர் சிக்ரியிலிருந்து போன கலை, அமெரிக்கர் ஒருவர் கைவழியாக இஸ்லாமிய நாடு ஒன்றின் அணு உலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலில் ஜாலிக்குத் தனி வரி உண்டு: 1 பங்கு சிமெண்ட், 2 பங்கு மணல், 4 பங்கு 6 மில்லிமீட்டர் கல், உள்ளே 1.6 மில்லிமீட்டர் கம்பி. கனம் 50, 40 அல்லது 25 மில்லிமீட்டர். அரசு விலைப்பட்டியலில் ஏறிய பொருளுக்கு ஊர் ஊராகப் போக வேறு பரிந்துரை தேவையில்லை. பள்ளிக்கூட வராந்தா, மருத்துவமனைப் படிக்கட்டு, தபால் ஆபீஸ் சுவர் என்று போய், கடைசியில் வீட்டுக்கு வந்தது.

இதற்கிடையே ஜாலி சுவரைவிட்டு மறுபடியும் காகிதத்துக்குப் போன கதை ஒன்று உண்டு. 1937இல் இரண்டு பெண்கள் பிறந்தார்கள். கராச்சியில் பிறந்த நஸ்ரீன் முகமதி லண்டனில் படித்து, பரோடாவில் ஆசிரியராக இருந்து, 1990இல் இறந்தவர். பென்சிலும் மையும் நேர்கோலும் வைத்து அவர் இழுத்த மெல்லிய கோடுகள் இந்திய நவீன ஓவியத்தில் தனிப்பட்டவை. ஃபத்தேபூர் சிக்ரியை அவர் எடுத்த கருப்பு வெள்ளைப் புகைப்படங்களில் அரண்மனை இல்லை. தளக்கல் சேரும் கோடு, நிழலின் விளிம்பு, அவ்வளவுதான். உயிரோடிருந்தவரை அந்தப் படங்களை அவர் காட்சிக்கு வைக்கவில்லை. 2016இல் நியூயார்க்கின் மெட் ப்ரூயர் அருங்காட்சியகம் திறந்தபோது முதல் கண்காட்சிகளில் ஒன்று அவருடையது. இன்னொருவர் அலிகாரில் பிறந்த ஜரீனா ஹாஷ்மி. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தவர், மரச்செதுக்கு அச்சில் தேர்ந்தவர். 1970களில் அவர் மையில்லாமல் ஒரு வரிசைப் படங்கள் செய்தார். வெள்ளைத் தாளில் ஊசியால் குத்திக் குத்தி உண்டாக்கிய துளைகள்தான் அந்தப் படங்கள். தாளைச் சாய்த்துப் பிடித்தால் துளையின் உதடு மேலெழுந்து சிறு நிழல் விழும். சிமெண்ட் ஜாலியில் வெயில் செய்கிற அதே காரியம். இருவரையும் மேற்கத்திய அருவ ஓவியத்தின் பின்தொடர்ச்சியாக எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் வளர்ந்த வீட்டின் சுவரிலேயே அந்த இலக்கணம் இருந்தது.

செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் பக்கம் சாலையோரத்தில் உறையும் சிலாப்பும் கம்பவுண்ட் கல்லும் வார்க்கிற இடங்களில் ஜாலி வார்ப்பதை நின்று பார்க்கலாம். அச்சு இரும்பில் இருக்கும், அல்லது ரப்பரில். முதலில் கழிவு ஆயிலைத் துணியால் தடவுவார்கள். சிமெண்ட், எம்-சாண்ட், பேபி சிப்ஸ் மூன்றையும் அதிகம் தண்ணீர் விடாமல் புட்டுமாவுப் பதத்துக்குக் கொஞ்சம் இளகலாகக் கலந்து பாதி நிரப்பி, கட்டுக்கம்பியைக் குறுக்கும் நெடுக்கும் போட்டு, மேலே மீதியை அடைத்து, கரணையின் பிடியால் நாலு பக்கமும் தட்டுவார்கள். தட்டத் தட்டக் காற்றுக் குமிழ் வெளியேறும். இதைச் சரியாகச் செய்யாவிட்டால் இதழின் கழுத்து மெலிந்த இடத்தில் உடையும். மறுநாள் அச்சைக் கழற்றி, ஒரு வாரமாவது தண்ணீர் விட்டு ஊறவைக்க வேண்டும். அவசரத்துக்கு இரண்டு நாளில் வண்டியேற்றி அனுப்புவதால்தான் பல வீட்டு ஜாலியில் விரல் வைத்தால் மணல் உதிர்கிறது. நட்சத்திரம், தாமரை, எட்டுக்கோணம், அலை என்று அச்சுகள் சுவரோரம் சாய்த்திருக்கும். எட்டுக்கோண நட்சத்திரம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. சிவன் கோயில் தெருவிலும் அது போகிறது, மசூதித் தெருவிலும் போகிறது.

இந்த மண்ணுக்கு ஜாலியை மரியாதையோடு திரும்பக் கொடுத்தவர் லாரி பேக்கர். திருவனந்தபுரத்தில் 1970களில் அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தில் அச்சுகூடக் கிடையாது. சாதாரணச் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கியே சுவர் முழுக்க ஜாலி. ஜன்னல் செலவு மிச்சம், மரம் மிச்சம், செங்கல்லும் மிச்சம். மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா வளாகத்துக்கு வடிவம் கொடுத்தவரும் அவரே. அங்கே உள்ள பழைய வீடுகளைப் பார்க்கப் போகிறவர்கள் அந்த வளாகக் கட்டடங்களையும் ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும்.

பாரிஸில் 1987இல் திறந்த அரபு உலக நிறுவனத்தில் கட்டடக் கலைஞர் ழான் நூவெல் இன்னொரு எல்லைக்குப் போனார். தெற்கு முகப்பில் 240 உலோகச் சட்டங்கள். ஒவ்வொன்றிலும் கேமரா லென்ஸின் கண் போல விரிந்து சுருங்கும் துளைகள். வெயில் கூடினால் மோட்டார் மூடும், குறைந்தால் திறக்கும். உலகமே வியந்தது, நானும் படங்களில் பார்த்து வியந்திருக்கிறேன். சில ஆண்டுகளில் பல கண்கள் அசையாமல் நின்றுவிட்டன. 2017இல் புதுப்பித்தார்கள். சிமெண்ட் ஜாலிக்கு மோட்டார் தேவைப்படவில்லை. அதன் கனமே அதன் கணக்கு.

அந்தக் கனம்தான் இப்போது போய்க்கொண்டிருக்கிறது. புது வீடுகளில் படிக்கட்டுக்கு ஒட்டுக் கண்ணாடி வந்துவிட்டது. மத்தியானம் அந்தப் படியில் காலை வைக்க முடியாது. பழைய ஜாலியைக் கொசுவுக்குப் பயந்து சிமெண்ட் வைத்து அடைத்துவிடுகிறார்கள். ஜாலி வேண்டும் என்று கேட்பவர்களுக்கும் பலகையில் சிஎன்சி மெஷினில் வெட்டிய கால் அங்குலத் தகடு கிடைக்கிறது. பூஜையறைக் கதவுக்கு அது போதும். மேற்குச் சுவரில் அதை வைத்தால் உச்சி சாய்ந்ததுமே வெயில் நேராக உள்ளே வந்துவிடும். துளை 2 அங்குலம், கனமும் 2 அங்குலம் என்றால், நம் ஊர் மே மாதத்தில் ஏறக்குறைய பிற்பகல் 3 மணி வரை தாக்குப்பிடிக்கும். அதே துளைக்குக் கனம் 3 அங்குலம் என்றால் கிட்டத்தட்ட 4 மணி வரை. ஓர் அங்குலச் சிமெண்டுக்கு ஒரு மணி நேர நிழல்.

ஆகவே வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாடிப்படியின் மேற்குச் சுவருக்குக் கண்ணாடி சொல்வதற்கு முன் மேஸ்திரியிடம் ஜாலி பற்றிக் கேளுங்கள். டிசைனை வீட்டில் இருப்பவர்கள் விருப்பத்துக்கு விடுங்கள். கனத்தை மட்டும் நீங்கள் சொல்லுங்கள், 3 அங்குலம் என்று. கொசுவுக்கு உள்பக்கம் வலை அடிக்கலாம், துளையை அடைக்க வேண்டாம். வார்த்து ஒரு வாரம் ஊறிய ஜாலிதானா என்று பார்த்து வாங்குங்கள். திருக்கழுக்குன்றத்திலோ வேறு ஊரிலோ பழைய வீட்டை இடிக்கிறீர்கள் என்றால், கடப்பாரை போடுமுன் அந்த ஜாலிகளை முழுசாகக் கழற்றி வையுங்கள். தோட்டச் சுவருக்கோ தண்ணீர்த் தொட்டி மறைப்புக்கோ இன்னும் ஐம்பது வருடம் உழைக்கும்.